பெங்களூரு சுற்றுவட்டாரத்தில் கறிக்குட்டி வளர்க்க எந்தக் கலப்பினப் பெட்டை? மூன்று வகை, ஒரு மதிப்பீடு

ஆனேக்கல், கனகபுரா, மாலூர், ஓசூர் பக்கம் ரெண்டு மூணு ஏக்கர் வைத்துக்கொண்டு கறிக்குச் செம்மறிக் குட்டி வளர்க்க நினைக்கிறவர்களுக்கு இப்போது மூன்று வகைக் கலப்பினப் பெட்டைகள் விலைக்குக் கிடைக்கின்றன. ஒன்று இரட்டைக் குட்டிக்காக உருவாக்கிய நாரி சுவர்ணா இனத்தின் வழியில் வந்தது. இன்னொன்று தென்னாப்பிரிக்கக் கறியினமான டார்ப்பரின் கலப்பு. மூன்றாவது, கெங்குரி, தக்காணி, பன்னூர் என்று எதெதுவோ கலந்து சந்தையில் ‘நாட்டுக் கலப்பு’ என்ற பெயரில் நிற்பது. மூன்றையும் தாயாடாக மட்டுமே இங்கே எடைபோட்டிருக்கிறது. கிடாவாகப் பார்த்தால் கணக்கு வேறு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கொட்டிலில் பசுந்தீவனம் வெட்டிப் போடவும், குட்டி போடும் நேரத்தில் ராத்திரி எழுந்து பார்க்கவும் ஆள் இருந்தால், இரட்டை போட வைக்கும் ஃபெக்-பி மரபணு ஒரு நகல் (தாய், தகப்பன் ரெண்டில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தது) உள்ள சுவர்ணா கலப்புப் பெட்டைதான் காசுக்கு மதிப்பு. மேய்ச்சலை நம்பி வளர்ப்பவருக்கு நாட்டுக் கலப்பு போதும். டார்ப்பர் கலப்புப் பெட்டைக்கு இன்று கேட்கிற விலையைத் தாயாடாக அது திருப்பித் தராது.

காரணம் எளிமையானது. பெட்டை தன் உடம்பை வைத்துச் சம்பாதிப்பதில்லை, குட்டியை வைத்துத்தான் சம்பாதிக்கிறது. 30 கிலோ பெட்டை ஒன்று, ரெண்டு குட்டிகளை வளர்த்து, மூன்று மாதத்தில் பால் மறக்கடிக்கும்போது ஒவ்வொன்றும் 13 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 26 கிலோ. 50 கிலோ பெட்டை ஒற்றைக் குட்டியை 20 கிலோவுக்குக் கொண்டுவந்தாலும் அதோடு சரி. செம்மறி தன் எடையில் தினமும் 3.5 முதல் 4 சதவீதம் உலர்பொருள் (ஈரத்தைக் கழித்த தீவன எடை) தின்னும். முதல் பெட்டைக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே போதும், ரெண்டாவதற்கு ரெண்டு கிலோவை ஒட்டி வேண்டும். குட்டி இருக்கிறதோ இல்லையோ, வருஷம் 365 நாளும் அந்த வாய்க்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். வாங்கப் போகும் இடத்தில் பெட்டையின் பருமனைப் பார்த்து மயங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

தாயாடு வேறு, கறிக்கிடா வேறு என்று பிரித்து வேலை செய்வதில் பிரிட்டனுக்கு நீண்ட பழக்கம். அங்கே மலையில் தாக்குப்பிடிக்கும் ஸ்வேல்டேல் போன்ற கடினமான பெட்டையை, குட்டி அதிகம் போடும் புளூஃபேஸ்ட் லெஸ்டர் கிடாவோடு சேர்ப்பார்கள். பிறக்கும் பெட்டைக்கு ‘மியூல்’ என்று பெயர். புல் நன்றாக விளையும் தாழ்நிலப் பண்ணைக்கு வரும் அந்த மியூல் பெட்டையை டெக்சல், சஃபோக் போன்ற சதைப்பிடிப்பான கிடாவோடு கூட்டி, பிறக்கும் குட்டிகள் அத்தனையையும் கறிக்கு அனுப்பிவிடுவார்கள். மலைப் பெட்டையின் உறுதி, லெஸ்டரின் குட்டி எண்ணிக்கை, டெக்சலின் தொடை மூன்றும் ஒரே குட்டிக்குப் பின்னால் வேலை செய்கின்றன. பெங்களூருக்கு அந்த இனங்கள் எதுவும் வேண்டாம். அந்த அடுக்குமுறை மட்டும் வேண்டும்: நாட்டுப் பெட்டையின் உடம்பு, இரட்டை போடும் மரபணு, கடைசியில் கறிக்கிடா.

இரட்டைக்கான மரபணு நம் நாட்டிலேயே இருந்தது. சுந்தரவனத்துக் கரோல் ஆடு ரொம்பச் சின்னது, ஆனால் ஒரே ஈற்றில் ரெண்டு மூணு போடும். 1790களில் வங்காளத்திலிருந்து ஆஸ்திரேலியா போன ஆடுகள் வழியாகத்தான் அங்கே பூரூலா மெரினோ என்ற செம்மறி இனத்துக்கு இந்தக் குணம் போயிருக்க வேண்டும் என்பது பின்னாளில் மரபணுச் சோதனையில் தெளிவானது. மகாராஷ்டிரா பல்டணில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் கரோலின் அந்த ஃபெக்-பி மரபணுவைத் தக்காணி, பன்னூர் ரத்தத்துக்குள் கொண்டுவந்து உருவாக்கியதுதான் நாரி சுவர்ணா. ராஜஸ்தான் அவிகாநகரில் மத்திய ஆராய்ச்சி நிறுவனம் இதே மரபணுவை மால்புரா, பட்டன்வாடி இனங்களோடு சேர்த்து ‘அவிஷான்’ உருவாக்கியிருக்கிறது. அது வடமேற்குக்கு ஏற்றது, இங்கே தேடி அலைய வேண்டாம்.

சுவர்ணா கலப்பின் பலம் அளவோடு இருப்பது. ஒரு நகல் உள்ள பெட்டை சராசரியாக ஓர் ஈற்றுக்கு ஒன்றரைக் குட்டியை ஒட்டிப் போடும். தக்காணி, பன்னூர் பெட்டைகள் பெரும்பாலும் ஒற்றைதான். ரெண்டு நகல் உள்ள பெட்டை இன்னும் நல்லது என்று விற்பவர்கள் சொல்வார்கள். அதை நம்பிக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. மூன்று குட்டி பிறந்தால் காம்பு ரெண்டுதான். மூன்றாவதைப் புட்டிப்பாலில் காப்பாற்றும் செலவு அந்தக் குட்டியின் விலையைத் தின்றுவிடும்.

ரெண்டு நகலுக்கு உண்மையான மதிப்பு கிடாவில் இருக்கிறது. ரெண்டு நகல் உள்ள கிடாவைச் சாதாரண நாட்டுப் பெட்டையோடு விட்டால் பிறக்கும் பெட்டைக்குட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் நிச்சயம். ஒரு நகல் பெட்டையைச் சாதாரணக் கிடாவோடு விட்டால் பாதிக் குட்டிக்குத்தான் போகும், எந்தப் பாதி என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே அவசரம் இல்லாதவர்கள் இருபது பெட்டையை விலைகொடுத்து வாங்குவதைவிட, டிஎன்ஏ சோதனைச் சீட்டோடு ஒரே ஒரு நல்ல கிடாவை வாங்கி, கையில் இருக்கும் பன்னூர், கெங்குரிப் பெட்டைகளிலிருந்து தாங்களே தாயாடுகளை உருவாக்கிக்கொள்வது மேல். அந்தப் பெட்டைகள் முதல் ஈற்றுக்கு வர ரெண்டு வருஷத்துக்குக் குறையாது. ஆனால் உங்கள் கொட்டில், உங்கள் தீவனம், உங்கள் ஊர்ப் புழு எல்லாவற்றுக்கும் பழகிய ஆடுகளாக இருக்கும்.

இந்த வகையில் பெரிய குறை, ஏமாற்று. ‘சுவர்ணா’ என்று சொல்லி விற்கப்படும் ஆடுகளில் டிஎன்ஏ சீட்டு உள்ளவற்றை மட்டும் சுவர்ணா விலைக்கு வாங்குங்கள். சீட்டில் இருக்கும் காது வில்லை எண்ணும் ஆட்டின் காதில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வில்லை புதிதாகக் குத்தி ஓரத்தில் ரத்தக்கட்டு காயாமல் இருந்தால் அந்தச் சீட்டு வேறு ஆட்டுடையதா என்று கேளுங்கள். ‘தாய் ரெட்டை போட்டது சார்’ என்பது சாட்சி ஆகாது. நாட்டுப் பெட்டையும் நல்ல தீனி கண்ட வருஷத்தில் எப்போதாவது ரெட்டை போடும்.

இன்னொரு குறை, குட்டியின் எடை. இரட்டைகள் ஒற்றையைவிடச் சிறிதாகத்தான் பிறக்கும். ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே பிறந்தது மார்கழிக் குளிரில் பிழைப்பது கஷ்டம். பிறந்த எடை கிலோவுக்கு 50 மில்லி சீம்பால் முதல் ரெண்டு மணி நேரத்துக்குள்ளும், கிலோவுக்கு 200 மில்லி முதல் நாளுக்குள்ளும் உள்ளே போக வேண்டும். ரெண்டு கிலோக் குட்டிக்கு முதலில் 100, நாள் முழுக்க 400 மில்லி. ராத்திரி பிறந்ததைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்கிற பண்ணையில் இந்தப் பெட்டை நஷ்டம்தான் தரும். பகலில் வைட்ஃபீல்டிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ வேலை, சனி ஞாயிறு மட்டும் பண்ணை, இடையில் பொறுப்பான ஆள் கிடையாது என்றால் சுவர்ணா பக்கம் போகவே வேண்டாம்.

டார்ப்பரைப் பற்றிப் பேச்சு அதிகம், தேவையான விஷயம் குறைவு. 1930களில் தென்னாப்பிரிக்காவில் டார்செட் ஹார்னையும் பிளாக்ஹெட் பெர்ஷியனையும் சேர்த்து உருவாக்கியது. ரோமம் தானாக உதிரும், வெயில் தாங்கும், தொடையும் முதுகும் நிறைந்து நிற்கும். கறிக்கிடாவாக நூற்றுக்கு நூறு தரலாம். ஆனால் கலப்புப் பெட்டையைத் தாயாக வாங்கினால் மூன்று இடத்தில் இடிக்கும். உடம்பு பெரிது, ஆகவே தீவனம் அதிகம். இரட்டை போடும் என்ற உறுதி இல்லை. மூன்றாவது, ‘50 சதவீதம்’, ‘75 சதவீதம்’ என்று ரத்தத்தின் அளவை வைத்து விலை ஏறுகிறது. அந்த விலை கறிக்கடையில் கிடைப்பதில்லை, அடுத்துப் பண்ணை தொடங்குகிறவரிடம்தான் கிடைக்கும். புதிதாக வாங்க ஆள் வருகிற வரைக்கும்தான் அது ஓடும்.

டார்ப்பர் கிடா வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 25 கிலோகூட இல்லாத தலைச்சன் பன்னூர்ப் பெட்டையோடு அதை விட்டுவிடாதீர்கள். குட்டியின் தோள் பெரிதாக வளர்ந்து இடுப்பெலும்பில் மாட்டிக்கொள்ளும். முதல் ஈற்றுக்குப் பன்னூர்க் கிடா, ரெண்டாவது ஈற்றிலிருந்து டார்ப்பர் கிடா என்பதே பாதுகாப்பு.

நாட்டுக் கலப்பில் நல்லதும் இருக்கிறது, குப்பையும் இருக்கிறது. ராய்ச்சூர், கொப்பள் பக்கத்துக் கெங்குரி உயரமான, நடக்கத் தெரிந்த ஆடு. மண்டியா மாவட்டத்துப் பன்னூர் குட்டையானது, பின்புறம் தலைகீழாக வைத்த ‘யு’ வடிவத்தில் சதை பிடித்திருக்கும், கறிக்குப் பெயர் போனது. இவை ரெண்டும் முதல் தலைமுறையாகச் சேர்ந்த பெட்டை, ஏரிக்கரையிலும் அறுவடை முடிந்த கேழ்வரகு வயலிலும் மேய்ந்து ஒற்றைக் குட்டியைத் தொந்தரவில்லாமல் வளர்த்துவிடும். முதல் தலைமுறையில்தான் கலப்பு வீரியம் (ரெண்டு இனம் சேர்வதால் வரும் கூடுதல் தெம்பு) முழுதாக இருக்கும். அந்தக் குட்டிகளையே ஒன்றோடொன்று சேர்த்தால் அடுத்த தலைமுறையில் அது பாதியாகிவிடும். ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியது “என்ன இனம்?” என்பதல்ல, “இதன் தாய் எது, கிடா எது? காட்டுங்கள்” என்பது. காட்ட முடியாவிட்டால் சந்தை விலைக்கு மேல் ஒரு ரூபாய் வேண்டாம். தக்காணி ரத்தம் அதிகம் இருந்தால் கம்பளி இருக்கும். அதைக் கத்தரிக்கும் கூலி கம்பளியின் விலையில் வராது. மடியைச் சுற்றி ரோமம் மூடியிருந்தால் பிறந்த குட்டி காம்பென்று நினைத்து ரோமத்தைச் சப்பிக்கொண்டிருக்கும்.

இனி வாங்கும் இடத்தில் செய்ய வேண்டியது. எந்த வகையானாலும் இந்தச் சோதனை ஒன்றுதான். இதில் தவறும் ஆட்டை விலை குறைத்துக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

வாயைத் திறந்து பாருங்கள். ரெண்டு பல் என்றால் ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயது, நாலு பல் என்றால் ரெண்டை ஒட்டி. நாலு பல், ஓர் ஈற்று முடிந்தது என்பதே சிறந்த வாங்கல்: தாய்மை எப்படி என்று தெரிந்துவிட்டது, இன்னும் நாலைந்து ஈற்று பாக்கி இருக்கிறது. எட்டுப் பல்லும் சேர்ந்து இடைவெளி விழத் தொடங்கியிருந்தால் அது யாரோ கழித்துவிட்ட ஆடு. கீழ்ப் பற்கள் மேல் அண்ணத்துத் திண்டின் மீது சரியாகப் பொருந்த வேண்டும். தாடை முன்னே பின்னே இருந்தால் குட்டைப் புல் மேயாது, குட்டிக்கும் அது போகும்.

அடுத்துக் கண். கீழ் இமையை விரலால் இழுத்து உள்சவ்வைப் பாருங்கள். நல்ல சிவப்பு சரி. வெளிறி வெள்ளைக்குப் பக்கத்தில் இருந்தால் வயிற்றில் ரத்தம் உறிஞ்சும் புழு. அதோடு தாடைக்கு அடியில் நீர்ப்பை தொங்கினால் முற்றிய நிலை.

மடிக்கு அதிக நேரம் கொடுங்கள். பெட்டையை நிற்க வைத்துப் பின்னால் குந்தி உட்கார்ந்து, ரெண்டு பக்க மடியையும் ரெண்டு உள்ளங்கையிலும் ஏந்திப் பாருங்கள். பால் நிறைந்த நல்ல மடி சூடில்லாமல், அழுத்தினால் விட்டுக்கொடுத்து, விட்டதும் மெதுவாகப் பழைய நிலைக்கு வரும். உள்ளே நெல்லிக்காய் போல் ஒரு முடிச்சு உருண்டால் பழைய மடிவீக்கம் ஆறிய தழும்பு. அந்தப் பக்கம் அடுத்த ஈற்றில் பால் குறையும். ரெண்டு காம்பிலும் பீய்ச்சி முதல் நாலு சொட்டைக் கறுப்புத் துணியில் விடுங்கள். திரி திரியாக வந்தால் நோய் இன்னும் இருக்கிறது. காம்பு கட்டைவிரல் போல் தடித்திருந்தால் ரெண்டு கிலோக் குட்டியின் வாய்க்குள் நுழையாது. இரட்டை போடும் பெட்டையில் ஒரு பக்க மடி போயிருந்தால் நீங்கள் வாங்கிய மரபணுவுக்கு அர்த்தமே இல்லை. விற்பவர்கள் முந்தின நாள் மாலையிலிருந்து குட்டியைப் பிரித்துவைத்து மடியைப் பெரிதாகக் காட்டுவதும் உண்டு. குட்டியை விட்டு ஊட்டச் சொல்லி, காலியான மடியை மறுபடி தடவினால் உள்ளதை உள்ளபடி தெரியும்.

குளம்பைத் தூக்கி ரெண்டு விரலுக்கு நடுவே மோந்து பாருங்கள். அழுகல் வாசம் இருந்தால் அந்த ஆடு மட்டும் வேண்டாம் என்று நிற்காதீர்கள், அந்தப் பட்டியிலேயே வாங்காதீர்கள். முதுகில் கை வைத்து இடுப்புப் பக்கம் எலும்பைத் தடவுங்கள். ஐந்தில் மூன்று மதிப்பு உடம்பு வேண்டும்: எலும்பு தட்டுப்பட வேண்டும், குத்தக் கூடாது. எடை போட்டு வாங்குவதென்றால் காலையில் தீனிக்கும் தண்ணிக்கும் முன்னால் போடுங்கள். உப்பு கொடுத்துத் தண்ணீர் குடிக்க வைத்த ஆடு ரெண்டு மூணு கிலோ கூடத்தான் காட்டும்.

‘மூணு மாதச் சினை’ என்று கூடுதல் கேட்டால் ஸ்கேன் பார்த்துவிட்டுக் கொடுங்கள். 45 முதல் 90 நாளுக்குள் எத்தனை குட்டி என்பதும் தெரியும். ஆனால் சினை ஆட்டை வண்டியில் நெடுந்தூரம் கொண்டுவருவது நல்லதல்ல. பாகல்கோட்டைப் பக்கத்து அமீன்கட் சந்தையிலிருந்து ராத்திரி முழுக்க நின்றுகொண்டே வரும் பெட்டை கருவை வீசிவிட வாய்ப்பு உண்டு. வெற்றுப் பெட்டையை வாங்கி உங்கள் கிடாவோடு விடுவதே நிம்மதி.

இணையத்தில் ‘20 பெட்டை, 1 கிடா’ என்று கட்டாக விற்கும் தொகுப்புகளுக்கு எங்கள் மதிப்பெண் குறைவு. ஒரு கிடாவுக்கு 20 பெட்டை என்ற விகிதம் தவறல்ல, 25 வரை தாராளமாகத் தாங்கும். இருபதையும் விற்பவரே பொறுக்கித் தருகிறார் என்பதுதான் தவறு. மடி போனதும் பல் விழுந்ததும் அந்த இருபதுக்குள் நுழைந்துவிடும். கிடாவும் அதே பட்டியில் பிறந்ததாக இருந்தால் பெட்டைகளில் சிலதுக்கு அது அண்ணனோ அப்பனோ. முப்பதைக் காட்டச் சொல்லி, பதினைந்தை நீங்களே பொறுக்கி, கிடாவை வேறு பண்ணையில் வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் 21 நாள் தனிக் கொட்டில். ஆட்டுக்கொல்லி நோய், ஆட்டம்மை எது ஒளிந்திருந்தாலும் அதற்குள் வெளியே வரும். இந்த நோய்களுக்கான தடுப்பூசிகள் ஹெப்பாளில் உள்ள அரசுத் தடுப்பூசி நிறுவனத்திலேயே தயாராகின்றன. உள்ளூர் கால்நடை மருந்தகத்தில் கேட்டு வாங்கலாம். துள்ளுமாரி (குடல் நச்சு நோய்) ஊசியை ஈற்றுக்கு நாலு வாரம் முன்னால் மறுபடி போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் பாதுகாப்பு போகும்.

தீவனத்தில் சுவர்ணா கலப்பு மன்னிக்காத இடம் சினையின் கடைசி ஆறு வாரம். குட்டியின் வளர்ச்சியில் முக்கால் பங்குக்குக் கிட்ட அப்போதுதான் நடக்கிறது. ரெண்டு குட்டி வயிற்றை அடைப்பதால் தாய் தின்னும் அளவும் அதே நேரத்தில் குறைகிறது. வெறும் கேழ்வரகுத் தாளில் நிறுத்தினால் பெட்டை தன் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கி, சினை நச்சு வந்துவிடும்: மற்ற ஆடுகளை விட்டு ஒதுங்கி நிற்கும், பல்லை நெறிக்கும், தொட்டி முன்னால் இருந்தும் கண் தெரியாததுபோல் நிற்கும், மூச்சில் ஒரு தித்திப்பு வாடை வரும். படுத்துவிட்ட பிறகு பிழைப்பது அரிது. 30 கிலோ பெட்டைக்கு ஆறு வாரத்துக்கு முன்னால் 200 கிராம் அடர்தீவனத்தில் தொடங்கி, கடைசி வாரத்தில் 450 கிராம் வரை, ரெண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். கூடவே வேலிமசால் அல்லது மல்பெரி இலை. ராமநகரப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களிடம் மிஞ்சும் மல்பெரி மலிவான நல்ல புரதம். மருந்து அடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டுவிட்டு ஏற்றுங்கள். கல்யாண மண்டபத்து மிச்சச் சோறு வேண்டவே வேண்டாம். ஒரே வேளையில் நிறைய தின்றால் வயிறு புளித்து மறுநாளே ஆடு விழும். மாட்டுக்கு விற்கும் தாது உப்பையும் கொடுக்காதீர்கள். அதில் உள்ள தாமிர அளவு செம்மறிக்கு அதிகம், கல்லீரலில் சேர்ந்து திடீரென்று கொல்லும். மூட்டையில் செம்மறிக்கென்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

வாங்க ஏற்ற காலம் ஜனவரி, பிப்ரவரி. மழை ஓய்ந்து குளம்பு நோயும் புழுவும் அடங்கியிருக்கும், மேய்ச்சல் குறைவதால் விற்பவரும் ஆட்டைக் குறைக்க யோசிப்பார். பக்ரீத்துக்கு முந்தின ரெண்டு மாதம் சாமராஜப்பேட்டை ஈத்கா மைதானத்து விலை கிராமத்துப் பட்டி வரைக்கும் எட்டிவிடும், அப்போது பெட்டை வாங்காதீர்கள். ஜூலை நடுவில் கிடா விட்டால் சினைக்காலம் 150 நாள் கழிந்து டிசம்பரில் ஈற்று. மழையில் வளர்ந்த பசுந்தீவனம் கையில் இருக்கும். குளிருக்கு மட்டும் ஈற்றுக் கூண்டில் காய்ந்த தாள் விரித்து, காற்று வரும் பக்கத்தில் சாக்குத் தொங்கவிட வேண்டும். கூண்டு நாலடிக்கு ஐந்தடி போதும். இருபது பெட்டைக்கு மூன்று கூண்டு தயார் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு முன்பணம் கொடுங்கள்.